கெசட் வரும்வரை காத்திருக்காதீர்கள்: கம்பஸில் இருந்து பொலிஸ் நிர்வாகத்துக்குப் போகும் வழி

"மிஸ், ஏ.எஸ்.பி.க்குக் கெசட் வந்திட்டுதாம், என்ன படிக்கிறது?"

உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் (ஏ.எஸ்.பி.) பதவிக்கு ஆள் எடுக்கும் அறிவித்தல் கெசட்டில், அதாவது அரச வர்த்தமானியில், வந்தபின் கேட்கிற இந்தக் கேள்வி எனக்கு வருகிற நேரத்தில் பெரும்பாலும் விண்ணப்ப முடிவுத் திகதிக்குப் பத்து நாள்தான் இருக்கும். கேட்கிற பிள்ளை பட்டம் முடித்திருப்பார், பிறப்புச் சான்றிதழ் ஊரில் அம்மம்மா வீட்டு அலுமாரியில் கிடக்கும், சிங்களம் "பஸ்ஸில் சமாளிப்பேன்" என்கிற அளவில் இருக்கும். பத்து நாளில் என்னத்தைச் சொல்வது? கொழும்பில் பொது நிர்வாகம் படிப்பிக்கிறவள் என்ற முறையில் வருடா வருடம் ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அலுத்துப் போய்த்தான் இதை எழுதுகிறேன். கம்பஸில் முதலாம், இரண்டாம் வருடத்தில் இருப்பவர்களுக்குத்தான் இது கூடுதலாக உதவும். கடைசி வருடக்காரர்களும் வாசிக்கலாம், கொஞ்சம் வேகமாக ஓட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

முதல் படி: எந்த வாசலால் போகப் போகிறீர்கள்?

இலங்கைப் பொலிசுக்குள் வெளியில் இருந்து நேரே நுழைய முக்கியமாக மூன்று வாசல்கள் உண்டு. கான்ஸ்டபிள், உப பொலிஸ் பரிசோதகர் (எல்லாரும் எஸ்.ஐ. என்பது), உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், அதாவது ஏ.எஸ்.பி. பட்டதாரிகளுக்கான வாசல் மூன்றாவது. அதற்கு மேலே அத்தியட்சகர், சிரேஷ்ட அத்தியட்சகர், பிரதிப் பொலிஸ் மா அதிபர், சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர், உச்சியில் பொலிஸ் மா அதிபர்.

ஏ.எஸ்.பி. என்றதும் பலருக்குக் கண்ணில் வருவது தொப்பியும் ஜீப்பும்தான். உண்மையில் அந்தக் கதிரையில் இருப்பவரின் நாள் கோப்புகளோடு போகிறது. தனக்குக் கீழே உள்ள நிலையங்களை மேற்பார்வை செய்வது, பொறுப்பதிகாரிமார் எழுதியதைச் சரிபார்ப்பது, ஒழுக்காற்று விசாரணை, லீவு, வாகனம், எரிபொருள், பொதுமக்கள் கொண்டுவரும் "நிலையத்தில் என் முறைப்பாட்டை எடுக்கவில்லை" என்ற முறைப்பாடு. இப்படிப்பட்ட வேலை பிடிக்காது, வெளியில் ஓடித்திரிய வேண்டும் என்றால் எஸ்.ஐ. வாசல்தான் உங்களுக்குச் சரி. பட்டதாரி எஸ்.ஐ.யாகப் போவதில் எந்தக் குறைவும் இல்லை, அந்த அனுபவம் பிறகு பெரிய பலம்.

இதோடு சேர்த்து, பொலிசை யார் ஆள்கிறார்கள் என்பதையும் படியுங்கள். 2001இல் அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு 18, 19, 20, 21 என்று திருத்தம் மேல் திருத்தம் வந்து, நியமனங்களில் அரசியல் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்பது ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு திருத்தத்திலும் எது மாறியது, ஏன் மாறியது என்று ஒரு பக்கத்துக்குள் எழுதிப் பாருங்கள். நேர்முகத் தேர்வில் கேட்கிறார்களோ இல்லையோ, நாளைக்கு உங்கள் இடமாற்றக் கடிதத்தில் யார் கையெழுத்து இருக்கும் என்பது அதில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: பட்டத்தை மாற்றாதீர்கள், ஒட்டுப் போடுங்கள்

"குற்றவியல் படிக்காமல் வரலாறு எடுத்துவிட்டேனே மிஸ்" என்று ஒரு பிள்ளை அழுதே விட்டார். தேவையில்லை. ஜயவர்தனபுரவில் குற்றவியல் இருக்கிறது, கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் நாவல திறந்த பல்கலைக்கழகத்திலும் சட்டம் இருக்கிறது, கிடைத்தால் நல்லது. கணக்கியல் படித்தவருக்கு நிதி மோசடிக் கோப்பு புரியும், கணினி படித்தவருக்கு டிஜிட்டல் சான்று புரியும், சமூகவியல் படித்தவருக்கு ஒரு தோட்டத்துச் சண்டை ஏன் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே லயத்து வீட்டு வரிசையில் வருகிறது என்பது புரியும். உங்களிடம் இல்லாத இரண்டைப் பட்டத்தோடு ஒட்டிக்கொள்ளுங்கள். ஒன்று சட்டம், மற்றது மொழி. மொழியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அதிக காலம் வேண்டும்.

மூன்றாம் படி: மொழி

சில வருடங்களுக்கு முன் என் அடையாள அட்டை தொலைந்து போய், கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையத்துக்கு முறைப்பாடு எழுதப் போனேன். நான் தமிழில் சொன்னேன், எழுதியவர் அரைகுறையாக விளங்கிக்கொண்டு சிங்களத்தில் எழுதினார், "ஒப்பம் வையுங்கள்" என்றார். வாசித்துப் பார்த்தால் அட்டை தொலைந்த இடமும் திகதியும் இரண்டும் பிழை. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும், திருத்தச் சொன்னேன், முகம் சுளித்தாலும் திருத்தினார். எனக்குப் பின்னால் கணவன் அடித்ததைச் சொல்ல வந்த ஒரு அக்கா நின்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அவருடைய வாக்குமூலத்தில் என்ன எழுதப்பட்டது என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆவது பிரிவைத் தேடி வாசியுங்கள். வாய்மொழியாகச் சொல்லும் தகவலை, சொல்கிற மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதிகாரிக்கு அந்த மொழி எழுத முடியாவிட்டால் சொல்பவரையே எழுதித் தரக் கேட்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால்தான் காரணத்தைப் பதிந்துவிட்டு வேறு தேசிய மொழியில் எழுதலாம். ஆனால் நிலையத்தில் தமிழ் எழுதக்கூடிய ஆள் இல்லாவிட்டால் 109ஆவது பிரிவு வெறும் தாள்தான்.

தமிழ் மாணவருக்குத் தமிழ் இருக்கிறதே, பிறகென்ன என்று நினைக்காதீர்கள். உங்கள் மேலதிகாரி, உங்கள் கோப்பு, பெரும்பாலான சுற்றறிக்கை எல்லாம் சிங்களத்தில் வரும். 2007 ஜூலை 1க்குப் பிறகு அரச சேவையில் சேருகிறவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று பொது நிர்வாகச் சுற்றறிக்கை 07/2007 கொண்டுவந்ததை அநேகர் தலைவலியாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது, இரண்டு பக்கமும் உண்மையாகக் கடைப்பிடித்தால்.

இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத சிக்கல் ஒன்று இருக்கிறது. எங்கள் மொழியைப் போலவே சிங்களத்திலும் பேச்சு வேறு, எழுத்து வேறு. புறக்கோட்டையில் பேரம் பேசும்போது "மம கியா" என்போம், அரச கடிதத்தில் அதுவே "மம கியெமி" ஆகிவிடும். பேச்சு வரும் என்ற தைரியத்தில் போய், எழுத்துச் சிங்களத்தில் ஒரு பந்தியைக்கூட எழுத முடியாமல் திணறிய கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

என்ன செய்யலாம்? நான் வகுப்பில் செய்விப்பது இதுதான். ஒரு சின்னச் சம்பவத்தை எடுங்கள்: வெள்ளவத்தையில் ஒரு கடைக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் களவு போகிறது. அதைத் தமிழில் அரைப் பக்க முறைப்பாடாக எழுதுங்கள். மறுநாள் அதையே சிங்களத்தில், அடுத்த நாள் ஆங்கிலத்தில். பிறகு தமிழ்ப் பிரதியைப் பார்க்காமல் சிங்களப் பிரதியை மட்டும் வைத்துத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். முதல் தடவை சைக்கிளின் நிறம் மாறியிருக்கும், நேரம் மாறியிருக்கும், சில வேளை களவெடுத்தவனும் மாறியிருப்பான். வாரம் ஒன்று செய்தால் ஒரு வருடத்தில் ஐம்பது. இதைவிடப் பெரிய தயார்படுத்தல் எந்த ரியூட்டரியிலும் கிடைக்காது. முறையாகப் படித்துப் பரீட்சை எடுக்க விரும்பினால் ராஜகிரியவில் அரசகரும மொழிகள் திணைக்களம் இருக்கிறது, சேவைக்குள் போகுமுன்னே அங்கே தொடங்கிவிடுங்கள்.

நான்காம் படி: சட்டம், ஆனால் வக்கீலுக்குப் படிப்பதுபோல அல்ல

முழுச் சட்டக்கோவையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதல் ஆறு மாதத்துக்கு இது போதும்: குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் கைது பற்றிய பிரிவுகள், முக்கியமாகக் காரணம் சொல்ல வேண்டிய 23, பிடியாணை இல்லாமல் கைது செய்யும் 32, பயண நேரம் தவிர 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது என்ற 37. பிறகு விசாரணை தொடங்கும் 109, 110, 115. அரசியலமைப்பில் சித்திரவதைக்கு எதிரான உறுப்புரை 11, சமத்துவம் சொல்லும் 12, கைது பற்றிய 13, உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம் என்ற 126. கடைசியாக 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் 25ஆவது பிரிவு.

அந்த 25இல் கொஞ்சம் நிற்போம். பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை எதிரிக்கு (குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு) எதிராக நிரூபிக்க முடியாது என்கிறது சாதாரணச் சட்டம். காரணம் வெள்ளைக்காரன் காலத்திலேயே தெரிந்ததுதான், அடித்துச் சொல்ல வைப்பார்கள் என்ற பயம். ஆனால் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம், பெயரில் "தற்காலிக" என்பதை வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் நின்ற அந்தச் சட்டம், தன் 16ஆவது பிரிவில் ஒரு கதவைத் திறந்தது: ஏ.எஸ்.பி. தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் சொன்னால் ஒப்புதல் செல்லும். விளங்குகிறதா? நீங்கள் விண்ணப்பிக்கிற அதே பதவி. சிங்கராசா வழக்கைத் தேடிப் படியுங்கள். சிங்களம் தெரியாத ஒரு தமிழ்ச் சந்தேகநபர், மொழிபெயர்ப்பதற்கு ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள், எதிரே ஏ.எஸ்.பி., சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதல். அவருடைய நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் முடிவு சொன்னது. அந்தக் காட்சியில் ஏ.எஸ்.பி.யின் கதிரையில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று மூன்று பக்கம் எழுதச் சொல்வேன். வகுப்பு அமைதியாகிவிடும்.

புத்தகத்தை மூடிவிட்டு ஒரு காலைப்பொழுது புதுக்கடைக்குப் போங்கள். நீதவான் நீதிமன்றம் திறந்த நீதிமன்றம், ஒழுங்காக உடுத்து, போனை அணைத்துவிட்டுப் பின் வாங்கில் உட்காரலாம். பொலிசார் பி அறிக்கை (விசாரணை பற்றி நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை) கொடுப்பதையும், நீதவான் ஒரு கேள்வியில் அதைக் கிழித்துப் போடுவதையும், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான முதலியார் மொழிபெயர்க்கும்போது சாட்சியின் அரை வசனம் காற்றோடு போவதையும் கவனியுங்கள். பதினொரு மணிக்கு வெளியில் வந்து பிளேன்டீ குடித்துக்கொண்டே கண்டதை எழுதிவிடுங்கள், பஸ் ஏறினால் மறந்துபோகும்.

ஐந்தாம் படி: நிர்வாகம் என்றால் தாள் நகர்வது

என்னைக் கேட்டால் முழு வழிகாட்டியும் இதற்குள் அடங்கும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் மற்ற இடங்களிலும் என்ன நடந்தது என்பதைக் கொழும்புக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. தாக்குதலுக்கு முன்பே எச்சரிக்கைத் தகவல் வந்திருந்தது. தாள் இருந்தது, கையெழுத்துகளும் இருந்தன, ஆனால் அது போக வேண்டிய இடத்துக்குப் போக வேண்டிய வேகத்தில் போகவில்லை. 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும் முன்னாள் பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தர 7.5 கோடி ரூபாவும் சொந்தப் பணத்தில் நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பைப் பாடப் புத்தகமாக வைத்துப் படியுங்கள். ஒரு பென்சிலை எடுத்து, தகவல் யாரிடம் இருந்து யாருக்கு, எந்தத் திகதியில், என்ன குறிப்போடு போனது என்று அம்புக்குறி போட்டு வரையுங்கள். எந்த அம்பு எங்கே நின்றது என்று கண்ணாலே காண்பீர்கள்.

அடுத்தது நடைமுறைப் பயிற்சி. ஆடிவேல் விழாவை எடுத்துக்கொள்வோம், செட்டியார் தெருவில் இருந்து தேர் புறப்பட்டுக் காலி வீதியால் பம்பலப்பிட்டி போகிறது. உங்கள் கையில் அறுபது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்தச் சந்தியில், எத்தனை மணிக்கு மாற்றம், சாப்பாடு எங்கே, பெண் உத்தியோகத்தர்கள் எத்தனை பேர், காலி வீதியை எங்கே மறிப்பது, அம்புலன்ஸ் எந்த ஒழுங்கையால் வரும், தேர் இரண்டு மணித்தியாலம் பிந்தினால் (பிந்தும்) என்ன செய்வது? முதலில் எழுதுகிறவர்கள் அறுபது பேரையும் தேருக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள். இரவு வேலை செய்தவரையே காலையிலும் போடுவார்கள். கடைசியில் நிலையத்தில் முறைப்பாடு எடுக்க ஒருவரும் மிஞ்சமாட்டார். இந்தப் பிழைகளைத் தாளில் விடுவது நல்லது, தெருவில் விட்டால் வேறு கதை.

அரச ஊழியரின் சேவை விதிகளான தாபன விதிக்கோவை, அரச பணத்தைக் கையாளும் விதிகளான நிதிப் பிரமாணங்கள் இரண்டும் வாசிக்கச் சலிப்பானவை, அதை மறைக்கமாட்டேன். லீவு, ஒழுக்காற்று, கொள்வனவு ஆகிய அத்தியாயங்களோடு தொடங்குங்கள், மற்றது தேவை வரும்போது.

படிப்பிக்கிறவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கு ஒன்று. நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதை ஒரு தவணைக்கு நிறுத்திவிட்டு, பிள்ளைகளைக் கொண்டு தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் ஒன்றைப் போடுவியுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். "உங்கள் பிரிவில் தமிழில் முறைப்பாடு எழுதக்கூடிய உத்தியோகத்தர்கள் எத்தனை பேர்?" என்று கேட்கட்டும். பதில் வந்தாலும் பாடம், வராவிட்டால் மேன்முறையீடு எழுதுவது அதைவிட நல்ல பாடம்.

ஆறாம் படி: உடம்பு

உயரம், மார்பளவு, கண்பார்வை எல்லாம் வர்த்தமானியில் இருக்கும். கனவு காணுமுன் அளந்து பாருங்கள். மற்றபடி ஓடுங்கள். காலையில் சுதந்திர சதுக்கம், மாலையில் காலிமுகத்திடல், கொத்து ரொட்டியைக் கொஞ்சம் குறைத்து.

ஏழாம் படி: கெசட்டும் காகிதங்களும்

வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும், அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மூன்று மொழியிலும் இலவசமாக எடுக்கலாம். தமிழ்ப் பிரதியை மட்டும் நம்பாதீர்கள், ஆங்கிலம் அல்லது சிங்களப் பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வயதெல்லையை எந்தத் திகதிக்குக் கணக்கிடுகிறார்கள் என்பதை இரண்டு தரம் வாசியுங்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு வருகிற தனிப் பிரச்சினை பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, பரீட்சைச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முன்னாலே, பட்டச் சான்றிதழில் பின்னாலே. யாரோ ஒரு பதிவாளர் முப்பது வருடத்துக்கு முன் காதில் விழுந்தபடி எழுதியதற்கு நீங்கள் நேர்முகத் தேர்வில் விளக்கம் சொல்ல வேண்டி வரும். திருத்தம் செய்ய மாதக்கணக்காகலாம். இந்த விடுமுறைக்கே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அரச போட்டிப் பரீட்சைகளுக்கான பழைய வினாத்தாள்களில் நுண்ணறிவு, பொது அறிவு, கிரகித்தல் மூன்றையும் நேரம் வைத்துச் செய்யுங்கள். தவறுவது அறிவில்லாமல் அல்ல, நேரம் போதாமல்தான்.

எட்டாம் படி: வீட்டில் சொல்வது

"பொலிசுக்கா? உனக்கென்ன விசரா?" எந்தத் தமிழ் வீட்டிலும் முதலில் இதுதான் வரும். அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். கொழும்பில் இருந்த எங்கள் பெற்றோருக்குப் பொலிஸ் என்றால் பதிவுப் படிவம், சோதனைச் சாவடி, நடு இரவுக் கதவுத் தட்டல். 1983 ஜூலையில் பொலிஸ் மா அதிபராக இருந்தவர் ருத்ரா ராஜசிங்கம், ஒரு தமிழர். அப்பா அதைச் சொல்லி "அவராலேயே முடியவில்லை, நீ என்ன கிழிக்கப் போகிறாய்?" என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. உச்சியில் ஒருவர் இருந்ததால் மட்டும் கீழே எதுவும் மாறவில்லை, அதனால்தான் நிலையத்துக்கு நிலையம், மேசைக்கு மேசை தமிழ் எழுதக்கூடிய ஆட்கள் வேண்டும் என்கிறேன் என்பது என் பதில். உங்களுடையது வேறாக இருக்கலாம். அப்பாவோடு ஒரு தரம் வாதாடிப் பார்ப்பது, நேர்முகத் தேர்வுக்கு மூன்று தரம் ஒத்திகை பார்த்ததற்குச் சமம்.

பெண் பிள்ளைகளுக்குச் சொல்வதென்றால், பெண்கள் 1952இலேயே பொலிசில் சேர்ந்தார்கள், ஆனால் முதல் பெண் பிரதிப் பொலிஸ் மா அதிபரான பிம்ஷானி ஜாசின்ஆரச்சி நியமனமானது 2020இல். நடுவில் போன அந்த 68 வருடத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டே போங்கள்.

கிடைக்காவிட்டால்?

ஏ.எஸ்.பி. இடங்கள் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம். ஆகவே சிறைச்சாலைகள், சுங்கம், மதுவரி, குடிவரவு குடியகல்வுத் திணைக்களங்களின் அறிவித்தல்களையும் அதே வெள்ளிக்கிழமை கெசட்டில் பாருங்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்துக்குப் பிறகு இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் வேலையும், மத்திய வங்கியின் நிதிப் புலனாய்வுப் பிரிவு செய்கிற வேலையும் கணக்கியல், சட்டம் படித்தவர்கள் கண் வைக்க வேண்டியவை. மனித உரிமைகள் ஆணைக்குழுவும் இருக்கிறது, மேசைக்கு மறுபக்கம் இருந்து அதே கோப்பைப் பார்க்க. போன வருடம் ஏ.எஸ்.பி. தவறிப்போன என் மாணவி ஒருத்தி இப்போது இன்னொரு திணைக்களத்தில் இருக்கிறாள், அங்கே தமிழில் வருகிற கடிதங்கள் எல்லாம் அவளுடைய மேசைக்குத்தான் போகின்றனவாம். "சம்பளம் ஒன்றுதான் மிஸ், வேலை மட்டும் இரண்டு பேருடையது" என்று திட்டினாள். அடுத்த கெசட்டுக்கும் போடப் போகிறாளாம், வயது இன்னும் இருக்கிறது.